இடது கால் காலணி

இரண்டு மணிக்கு என் முறை.
சட்டையில் பச்சை நாடா குத்திக்கொள்கிறேன்.
அதற்கு அர்த்தம் இவ்வளவுதான்:
இவள் இன்றிரவு எதையும் விழுங்கவில்லை.

மற்ற நாட்களில் கொவில்யாவில் பேருந்து ஓட்டுகிறேன்.
பின்னால் யார் பாடினாலும், யார் வாந்தியெடுத்தாலும்
சாலையை விட்டுக் கண்ணெடுக்காத பழக்கம்,
அது போதும் இதற்கு என்றாள் சுல்மீரா.
இன்னொன்றும் சொன்னாள்:
கையைப் பிடிக்காதே, நீட்டி வை.
வேண்டுமென்றால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

ஏரிக்கு அக்கரையில் இசை.
கூடாரம்வரை வந்து சேர்வது அதன் அடித்தொண்டை மட்டும்.
வாளித் தண்ணீர் அதற்கு நடுங்குகிறது.

டெல்மோவை இரண்டு நண்பர்கள் கொண்டுவந்தார்கள்,
கண்ணாடிக் கதவைத் தூக்கிவருகிற ஜாக்கிரதையோடு.
நாக்கடியில் நகத்தளவு காகிதம், பத்து மணிக்கு.
ஒன்றும் ஆகவில்லையே என்று பதினொன்றுக்கு இன்னொன்று.
இப்போது இரண்டும் சேர்ந்து வேலை பார்க்கின்றன.

நான் செத்துவிட்டேனா?
இல்லை. உன் பெயர் டெல்மோ. மணி இரண்டே முக்கால்.
ஒன்று சாப்பிட்டாய், அது மெல்ல இறங்கிவிடும்.
நான் எங்கேயும் போகவில்லை.

நான்கு நிமிடம்.

நான் செத்துவிட்டேனா?
இல்லை. உன் பெயர் டெல்மோ.
பதினேழாவது தடவையும் முதல் தடவைபோல் சொல்ல வேண்டும்,
அடுத்த நிறுத்தம் எதுவென்று கேட்பவருக்குச் சொல்வதுபோல.

வெளியே தக்கை மரங்கள்.
இடுப்புவரை பட்டை உரித்து, சிவந்து,
உரித்த ஆண்டின் எண்ணை வெள்ளைச் சாயத்தில் சுமந்து நிற்கின்றன.
டார்ச் வெளிச்சம் பட்டதும் அவன் அழத் தொடங்கினான்:
என்னையும் உரித்துவிட்டார்கள், என் எண் எங்கே?
விளக்கம் சொல்லக் கூடாது என்பது விதி.
வளர்ந்துவிடும் என்றேன், விதியை மீறி.
ஒன்பது வருஷம் ஆகும் என்பதைச் சொல்லவில்லை.

மூன்றரைக்கு இடது கால் காலணியைக் கழற்றி
என் மடியில் வைத்தான்.
கீழே வைத்தால் ஏரி வற்றிவிடுமாம்.
சரி.
ஈரமும் சூடுமாக ஒரு காலணி, நாடாவில் புல்.
சுல்மீரா அந்தப் பக்கம்
சிரிப்பை நிறுத்த முடியாத ஒரு பெண்ணோடு இருந்தாள்.
ஐந்து நிமிடம் அவனையும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு
கழிப்பறைக்குப் போனேன்,
காலணியையும் கையோடு எடுத்துக்கொண்டு.

நான்கே காலுக்கு அவன் எழுந்தான்.
தண்ணீர் கூப்பிடுகிறது என்றான், மிகத் தெளிவாக.
அந்தத் தெளிவுதான் பயமாக இருந்தது.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
கூட நடந்தேன், நீர்ப்பக்கமாக,
அவனுக்கும் ஏரிக்கும் நடுவே
ஓர் ஆள் அகலம்தான் என்னிடம் இருந்தது.
இடது காலில் முள் குத்தியும் அவன் நிற்கவில்லை.
கரைமணல் ஈரமாகத் தொடங்கிய இடத்தில்
காலணியை நீட்டினேன்.
இதை நான் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருப்பது, டெல்மோ?
கை வலிக்கிறது. கீழே வைத்துவிடட்டுமா?

வெகுநேரம் யோசித்தான்.
என் இதயம் அக்கரை மத்தளத்தைவிட வேகமாக அடித்தது.
வைக்காதே என்று சொல்லித் திரும்பி நடந்தான்.

விடியும்போது மல்லாந்து கிடந்து
கூடாரத் துணியில் எதையோ பார்த்து
ஆ, ஆ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.
நானும் அண்ணாந்தேன்.
துணி. ஒரு தையல். கொசு.
கொஞ்சம் பொறாமையாக இருந்தது, சொன்னால் என்ன.

ஏழு மணிக்கு எழுந்து உட்கார்ந்தவனுக்கு
நான் யாரென்று தெரியவில்லை.
மன்னிக்கணும் அம்மணி, அது என் காலணியா?
கொடுத்தேன். விரல்கள் மடக்கியபடியே நின்றுவிட்டன.
ஆரஞ்சுச் சுளைகளை ஒன்றுவிடாமல் தின்றான்.
பிறகு, வெட்கத்தோடு:
ராத்திரி முழுக்க ஒரு பெரிய நாய் பக்கத்திலேயே இருந்தது.
உங்களுடையதா?

இங்கே வருகிற நாய்தான் என்றேன்.

நல்ல நாய் என்றான்,
நாடாவை இரண்டு தடவை தப்பாகக் கட்டிவிட்டு.
பார்த்தால் நன்றி சொல்லிவிடுங்கள்.

பதிவேட்டில் எழுதினேன்:
இரண்டு நாற்பது முதல் ஏழு பத்து வரை.
தண்ணீர் குடித்தான். பாதத்தில் ஒரு முள், எடுத்தாயிற்று.
இரண்டு காலணியோடு போனான்.